கண்மாயில் என்ன மீன் விடலாம்? நாட்டு மீனா, கட்லா-ரோகுவா, ஜிலேபியா?

மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஊர்க்காரர்கள் சேர்ந்து கண்மாயைத் தூர்வாரிவிட்டார்கள், சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்துவிட்டார்கள், ஐப்பசி மழையில் தண்ணீர் நிற்கப்போகிறது. உடனே மீன் பேச்சு தொடங்கிவிடுகிறது. கட்லா விட்டால் ஏலம் நல்ல தொகைக்குப் போகும் என்கிறார் ஒருவர், ஜிலேபி விட்டால் செலவே இல்லை, தானாகப் பெருகும் என்கிறார் இன்னொருவர், எதையும் விட வேண்டாம், வருகிற மீன் வரட்டும் என்கிறார்கள் பெரியவர்கள். யார் சொல்வதைக் கேட்பது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்மாய் என்றால் நாட்டு மீன்தான். தண்ணீர் ஏழெட்டு மாதம் நிற்கிற பெரிய கண்மாயாக இருந்தால் அதோடு அளவாகக் கட்லா, ரோகு விடலாம். ஜிலேபி கண்மாய்க்குள் வேண்டவே வேண்டாம். ஆனால் உங்கள் ஊர் நிலவரம் வேறாக இருக்கலாம், அதனால் எதை வைத்து இப்படிச் சொல்கிறேன் என்று விரிவாகப் பார்ப்போம்.

எதை வைத்து முடிவு செய்வது

முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் எத்தனை மாதம் நிற்கும் என்பது. மதுரைப் பக்கத்து மானாவாரிக் கண்மாய்கள் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. ஐப்பசி, கார்த்திகையில் நிறைந்து பங்குனி, சித்திரையில் தரை தெரியும். பெரியாறு பாசனக் கால்வாய்த் தண்ணீர் வருகிற மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களின் கணக்கு வேறு.

அடுத்தது, உங்கள் மறுகால், அதாவது கண்மாய் நிறைந்து வெளியேறுகிற உபரித் தண்ணீர், எங்கே போகிறது என்பது. நம் கண்மாய் எதுவும் தனியாக இல்லை. மேலே உள்ளது நிறைந்தால் கலுங்கில் (கரையில் உபரி நீர் வழிகிற இடம்) வழிந்து கீழே உள்ளதற்குப் போகும், அங்கிருந்து அடுத்ததற்கு. நீங்கள் விடுகிற மீன் உங்கள் ஊர் எல்லையில் நிற்காது.

மூன்றாவது, பணம் யாருக்கு, குழம்பு யாருக்கு என்பது. மீன்பாசி ஏலம் (கண்மாயில் மீன் பிடிக்கிற உரிமை) எடுத்தவருக்கு மட்டும் லாபமா, ஊருக்கும் பங்கு உண்டா, கையில் காசில்லாத வீட்டுக்கும் ஒரு வேளை மீன் கிடைக்குமா?

நான்காவதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரியது: தப்பாகப் போனால் விட்ட மீனைத் திரும்ப எடுக்க முடியுமா? தூண்டில், வலை, இறைப்பு இயந்திரம் எதைக் கொண்டும் எடுக்க முடியாத மீன் இருக்கிறது. மறுபடி குஞ்சு வாங்கி விடாமல் இருந்தாலே அடுத்த வருடம் இல்லாமல் போகிற மீனும் இருக்கிறது. இந்த வித்தியாசம் பலருக்குத் தெரிவதில்லை.

நாட்டு மீன்

அயிரை, பொடிக்கெண்டை, கெளுத்தி, தேளி, குரவை, விரால், உளுவை, ஆரா, பனையேறி. இவற்றை யாரும் காசு கொடுத்து வாங்கி விட வேண்டியதில்லை. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்கால் வழியாகப் புதுத்தண்ணீரை எதிர்த்து ஏறி வரும். இல்லையென்றால் கோடையில் பள்ளத்தில் தேங்கிய கொஞ்சம் தண்ணீரில் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்து, மழை வந்ததும் முட்டையிடும். விரால், குரவை, தேளி, பனையேறி இவையெல்லாம் மேலே வந்து காற்றையும் சுவாசிக்கக் கூடியவை, அதனால் கலங்கிச் சூடேறிய தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும், விரால் ஈரச் சேற்றுக்குள்ளேயே பல நாள் கிடக்கும். வருடா வருடம் வற்றி நிறைகிற நீர்நிலைக்கு இதைவிடப் பொருத்தமான மீன் எங்கிருந்தும் கொண்டுவர முடியாது.

வருமானம் குறைவு என்று சொல்கிறவர்கள் எடையை மட்டும் பார்க்கிறார்கள். எடையில் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விலையைப் பாருங்கள். அயிரை ஒரு விரல் நீளம்கூட இருக்காது, மதுரையில் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டிப் போகிறது. உயிரோடு வாங்கி, பாலில் விட்டு மண்ணைக் கக்கவைத்து, அப்படியே குழம்பில் போடுகிற பக்குவம் தெரிந்த ஊர் இது. வெளியூர்க்காரர்கள் அதற்காகவே வந்து சாப்பிடுகிறார்கள். விரால் கட்லாவைப் போல இரண்டு, மூன்று மடங்கு விலை போகும். பொடிக்கெண்டைக்கு அந்த விலை இல்லை, ஆனால் முள்ளோடு சாப்பிடுகிற மீன் அது, பிள்ளைகளுக்குச் சுண்ணாம்புச் சத்து அதில் அப்படியே கிடைக்கிறது.

பறவைகள் இருக்கின்றன. மேலூருக்கு வடகிழக்கே திருப்பத்தூர் போகிற வழியில் வேட்டங்குடி சரணாலயத்துக்கு வருகிற நாரைகளும் கொக்குகளும் சுற்றுவட்டாரக் கண்மாய்களில்தான் இரை தேடுகின்றன. கொக்கு விழுங்குகிற அளவில் தண்ணீர் நிற்கிற வரை இருப்பது சின்ன நாட்டு மீன்கள்தான். கட்லாக் குஞ்சு இரண்டு மூன்று மாதத்தில் பல பறவைகளின் அலகுக்குள் அடங்காத அளவு வளர்ந்துவிடும். குஞ்சுகளைக் காப்பாற்ற ஏலம் எடுத்த குத்தகைதாரர் வெடி போட்டுப் பறவையை விரட்டுவதையும் சேர்த்துப் பாருங்கள். வெடியே வேண்டாம் என்று தீபாவளியைச் சத்தமில்லாமல் கொண்டாடுகிற ஊர்கள் அந்தச் சரணாலயத்தைச் சுற்றி இருக்கின்றன.

இதிலும் மறைமுகச் செலவு உண்டு. கண்மாயைத் தூர்வாரும்போது தரையை மட்டமாக வழித்துவிட்டால் கோடையில் மீன் தங்க இடமே இருக்காது. மடைக்குப் பக்கத்தில் ஆழமாக ஒரு பள்ளம் விட வேண்டும், அதில் கடைசி வரை வலை போடக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு வேண்டும், இந்தக் கட்டுப்பாட்டைக் காப்பாற்றுவதுதான் மொத்த வேலையிலும் கஷ்டமானது. முதல் மழையில் சினை மீன் வரத்துக்காலில் ஏறி வரும்போது குறுக்கே வலை கட்டிப் பிடிப்பதை நிறுத்த வேண்டும், அந்த நேரத்தில் பிடிக்கிற ஒவ்வொரு மீனும் வயிறு நிறைய முட்டையோடு வருகிறது. அப்புறம், ஏலத் தொகை குறையும். நாட்டு மீனை மட்டும் நம்பி யாரும் பெரிய தொகைக்கு எடுக்க மாட்டார்கள். கோயில் திருப்பணிக்கு இந்தப் பணத்தை நம்பியிருக்கிற ஊர் இதை முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்வது நல்லது.

சின்னக் கண்மாய், ஐந்து மாதத்துக்குமேல் தண்ணீர் நிற்காத கண்மாய், மீன்பிடித் திருவிழா நடத்துகிற கண்மாய், இந்த மூன்றுக்கும் இரண்டாவது யோசனையே வேண்டாம், நாட்டு மீன்தான். மேலூர்ப் பக்கம் பல ஊர்களில் ஏலமே விடாமல், தண்ணீர் வற்றியதும் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசிக் காட்ட, சுத்துப்பட்டு ஊர் ஜனமெல்லாம் ஊத்தா, கச்சா என்ற மீன்பிடிக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு இறங்குகிற வழக்கம் இருக்கிறதே, அங்கே யார் வீட்டுக் குழம்புக்கும் காசு கிடையாது. அந்த வழக்கம் உள்ள ஊர் அதை ஏலத்துக்காக விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அரிட்டாபட்டியையும் சொல்ல வேண்டும். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர், எழுபதுக்கு மேற்பட்ட நீர்நிலைகளும் மலைச்சுனைகளும் உள்ள இடம். அந்த மாதிரி இடத்தில் எந்த மீனையும் வெளியிலிருந்து கொண்டுவந்து விடக் கூடாது. சுனையில் அழகுக்கு என்று தொட்டி மீனைக் கொட்டுவதும் இதில் சேர்த்திதான்.

கட்லா, ரோகு, மிர்கால்

இவை இந்திய மீன்கள், ஆனால் நம் ஆற்று மீன்கள் இல்லை. கங்கைச் சமவெளியிலிருந்து தெற்கே கொண்டுவந்தவை. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் மீன் விஞ்ஞானி ஹிராலால் சௌத்ரி ஊசி போட்டு இந்த வகைக் கெண்டைகளை முட்டையிட வைத்துக் காட்டிய பிறகுதான் குஞ்சு உற்பத்தி நாடு முழுக்கப் பரவியது; அந்த நாளைத்தான் இன்றும் மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். வைகை அணைப் பக்கம் அரசு மீன் பண்ணையில் குஞ்சு கிடைக்கிறது, தனியார் பண்ணைகளும் உண்டு.

இந்த மூன்றிலும் பெரிய வசதி ஒன்று இருக்கிறது, அதைக் குறையாகத்தான் பலரும் சொல்கிறார்கள். தேங்கிய தண்ணீரில் இவை இனப்பெருக்கம் செய்யாது. வெள்ளம் பாய்கிற ஆறு வேண்டும். அதனால் வருடா வருடம் குஞ்சு வாங்கித்தான் ஆக வேண்டும், செலவுதான். ஆனால் அதே காரணத்தால், இந்த வருடம் விட்டது தப்பு என்று தெரிந்தால் அடுத்த வருடம் வாங்காமல் இருந்தால் போதும், கண்மாய் பழையபடி ஆகிவிடும். நான் நாலாவதாகச் சொன்ன கேள்விக்கு வெளி மீன்களில் சரியான பதில் சொல்வது இவைதான்.

தண்ணீர் நன்றாக நின்றால் ஒரு வருடத்தில் கட்லா ஒரு கிலோவைத் தொடும். நான்கைந்து மாதத்தில் வற்றிவிடும் என்றால் கால் கிலோ மீனை அவசரமாகப் பிடித்துக் கிடைத்த விலைக்குத் தள்ள வேண்டிவரும், சுற்றியுள்ள எல்லாக் கண்மாயும் அதே வாரத்தில் வற்றுவதால் விலையும் விழும். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மற்ற செலவுகள் ரூபாயில் தெரியாது. பெரிய குத்தகைதாரர் வந்தால் கோழிக்கழிவைக் கொட்டித் தண்ணீரைப் பச்சையாக்குவது, மடையைத் திறக்க விடாமல் விவசாயியோடு சண்டை போடுவது, கலுங்கில் மண் மூட்டை அடுக்கி மறுகாலைத் தடுப்பது, இவை எல்லாம் கூடவே வரும். அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. மீன் வளர்ப்புக் கையேடுகளில் சின்ன நாட்டு மீன்களைக் களை மீன்கள் என்று போட்டு, குஞ்சு விடுவதற்கு முன் இலுப்பைப் புண்ணாக்குப் போட்டு எல்லாவற்றையும் கொல்லச் சொல்வார்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு ஹெக்டேருக்கு 2,500 கிலோ என்பது கணக்கு. வீட்டுக்குப் பின்னால் வெட்டிய பண்ணைக்குட்டைக்குச் சரி. ஊர்க் கண்மாய்ப் பள்ளத்தில் அதைக் கொட்டினால் கிலோ ஆயிரத்துக்கு விற்கிற அயிரையைக் கொன்றுவிட்டு இருநூறு ரூபாய்க் கட்லாவை வளர்க்கிறோம் என்று அர்த்தம்.

அளவும் முக்கியம். பண்ணைக்குட்டையில் ஹெக்டேருக்குப் பத்தாயிரம் குஞ்சு வரை விடுவார்கள், ஏனென்றால் அங்கே தீவனம் போடுகிறார்கள். அந்தக் கணக்கைக் கண்மாய்க்குக் கொண்டுவராதீர்கள். தீவனம் இல்லாமல், தண்ணீரில் இருப்பதை நம்பி வளர வேண்டும் என்றால் அதில் கொஞ்சம் போதும். விரலளவு வளர்ந்த குஞ்சாக வாங்குங்கள், பொடிக் குஞ்சு விரால் வாய்க்குத்தான் போகும்.

குஞ்சு வாங்கும்போது சாதா கெண்டையும் புல் கெண்டையும் சேர்த்தே தருவார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சாதா கெண்டை தரையைக் கிளறித் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்கும், கரையை அரிக்கும், பாசி இருந்தால் கண்மாயிலேயே முட்டையிட்டுப் பெருகும். புல் கெண்டை நீர்ச்செடியை மேய்ந்துவிடும். நாட்டு மீன் முட்டையிடுவதும் குஞ்சுகள் ஒளிவதும் அந்தச் செடிகளில்தான்.

ஜிலேபி

செலவில்லாத மீன் என்று இதைச் சொல்கிறவர்களோடு நான் நேராகவே முரண்படுகிறேன்.

ஜிலேபிக் கெண்டை, அதாவது திலேப்பியா, தென்கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1952-ல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள், அங்கிருந்து தமிழ்நாட்டு அணைகளில் எல்லாம் விட்டார்கள். எளிய மக்களுக்கு மலிவாகப் புரதம் கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். வைகை அணையிலும் அமராவதி அணையிலும் அதுவே முதன்மை மீனாகிவிட்டது. 1959-லேயே இதைப் பரப்ப வேண்டாம் என்று மத்திய அளவில் முடிவெடுத்தார்கள், அதற்குள் அது ஆற்றுக்குள் போய்விட்டது.

ஏன் அடக்க முடியவில்லை? இரண்டு மூன்று மாதத்திலேயே சினை பிடிக்கும். வருடத்துக்குப் பல முறை முட்டையிடும். தாய் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காக்கிறது, அதனால் மற்ற மீன்களின் முட்டைகளைப் போல இவை அழிவதில்லை. ஆண் மீன் தரையில் குழி பறித்து, அதைச் சுற்றி வேறு மீனை அண்டவிடாது. சாக்கடை கலந்த தண்ணீரும் உப்பேறிய தண்ணீரும் அதற்குப் பெரிய தடையில்லை. மற்ற மீன்களின் முட்டையையும் சிறு குஞ்சையும் தின்னும்.

பெருகுவதுதான் அதன் குறையும். கூட்டம் கூடக்கூட மீன் வளராமல் உள்ளங்கை அளவிலேயே நின்றுவிடுகிறது, அந்த அளவு மீனுக்குச் சந்தையில் விலை இல்லை. கட்லா, மிர்காலின் இரையையும் இது பிடுங்கிக்கொள்வதால் அவையும் தேறாது. ஆக, செலவில்லாமல் வந்த மீன் காசு கொடுத்து விட்ட மீனையும் கெடுத்துவிட்டுப் போகிறது.

எங்கே இது சரி என்றும் சொல்ல வேண்டும். பாலித்தீன் விரிப்புப் போட்ட குட்டை, மழையில் வழிந்து ஓடையில் சேராத இடம், வலை போட்ட மூடிய அமைப்பு, இங்கே கிஃப்ட் திலேப்பியா என்ற மேம்படுத்திய வளர்ப்பு ரகத்தை, அதுவும் ஆண் மீன் மட்டுமாக, மீன்வளத் துறையின் அனுமதியோடு வளர்க்கலாம். நன்றாக வளரும், முள் குறைவு, ஹோட்டல்களில் கேட்கிறார்கள். அனுமதி முறையே இந்த ஆபத்தை வைத்துத்தான் வந்தது. அந்த மீனை மிச்சமானது என்று கண்மாயில் கொட்டினால் கதை பழையபடிதான்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி

இதில் ஒப்பிட ஒன்றும் இல்லை. 2000-ல் மத்திய அரசு வளர்க்கவே தடை விதித்த மீன். கிடைத்ததையெல்லாம் தின்னும், ஈரத்தரையில் நகர்ந்து அடுத்த குட்டைக்குப் போகும். நம் தேளியின் பெயரில் விற்பார்கள், ஏமாற வேண்டாம்.

தேக்கடியைப் பாருங்கள்

இவ்வளவு எச்சரிக்கை தேவையா என்று கேட்கிறவர்களுக்கு நம் தண்ணீர் வருகிற இடத்தையே காட்டுகிறேன். 1895-ல் கட்டிய முல்லைப் பெரியாறு அணையால் உருவான ஏரி, இன்று பெரியாறு தேசியப் பூங்காவின் நடுவில் இருக்கிறது. அந்தத் தண்ணீர்தான் மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாக இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கைத் தாண்டி, வைகை அணை, பேரணை வழியாக மேலூர் வயலுக்கு வருகிறது.

அந்த ஏரியிலும் அதில் வந்து சேரும் ஓடைகளிலும் உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் சில இருக்கின்றன. லெபிடோபைகாப்சிஸ் டைபஸ் என்ற சிறு கெண்டை அதில் ஒன்று. யானையும் புலியும் நடமாடுகிற, இவ்வளவு காவல் உள்ள அந்தக் காட்டுத் தண்ணீருக்குள்ளேயே சாதா கெண்டையும் திலேப்பியாவும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் போய்விட்டன. நாட்டு மீன்கள் தங்குவதற்கு இன்று ஏரியைவிட மேல் ஓடைகள்தான் பாதுகாப்பான இடமாக இருக்கின்றன. ஏரியில் மீன் பிடித்துப் பிழைக்கிற மன்னான், பளியர் குடும்பங்களின் வலையில் வெளி மீன்களும் விழுகின்றன, அதை விற்றுத்தான் சாப்பாடு. ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்துவிடு என்று அவர்களிடம் யார் போய்ச் சொல்வது? ஒரு முறை விட்ட மீன் காலப்போக்கில் சிலரின் வயிற்றுப்பாடாகவும் ஆகிவிடுகிறது, அப்புறம் எடுப்பது இரட்டிப்புக் கஷ்டம்.

அந்த ஏரியை வற்ற வைக்கவும் முடியாது. நம் கண்மாய்க்கு அந்த வசதி இருக்கிறது.

ஏற்கெனவே ஜிலேபி இருக்கிறது, என்ன செய்வது?

பல ஊர்களின் உண்மை நிலைமை இதுதான். சித்திரையில் தண்ணீர் சுருங்கும்போது வேலையைத் தொடங்குங்கள். பள்ளத்தில் மீன் குவிந்ததும் சின்னக் கண்ணி வலையில் வாரி, ஜிலேபியை அளவு பார்க்காமல் எடுத்துவிட வேண்டும், குஞ்சையும் திருப்பி விடக் கூடாது. விரால், குரவை, கெளுத்தி, அயிரையைத் தொட்டியில் தனியே வைத்திருந்து திரும்பப் பள்ளத்தில் விடுங்கள். மீன்பிடித் திருவிழா நடக்கிற ஊரில் இதை இன்னும் சுலபமாகச் செய்யலாம்: ஜிலேபி எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஆழப் பள்ளம் மட்டும் விலக்கு என்று ஊர்ப் பெரியவர்கள் முன்கூட்டியே சொன்னால் கேட்பார்கள்.

உங்கள் கண்மாயில் மட்டும் செய்தால் அடுத்த மழையில் மேல் கண்மாயிலிருந்து மறுபடி இறங்கி வரும். ஒரே மறுகால் வரிசையில் உள்ள ஊர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசி, மேலே உள்ள ஊரிலிருந்து தொடங்க வேண்டும். முழுதாக ஒழியும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு கோடையில் தொடர்ந்து செய்தால் நாட்டு மீனுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

ஏலத்தைத் தவிர்க்க முடியாத ஊர், பசலி ஆண்டு (வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டு) ஜூலை 1-ல் தொடங்குவதற்கு முன்பே நிபந்தனைகளை எழுத்தில் கேளுங்கள். கட்லா, ரோகு, மிர்கால் தவிர வேறு குஞ்சு விடக் கூடாது. புண்ணாக்கு, மருந்து, கோழிக்கழிவு எதுவும் போடக் கூடாது. மடையையும் கலுங்கையும் குத்தகைதாரர் தொடக் கூடாது. ஆழப் பள்ளத்தில் வலை இல்லை. குஞ்சு இறங்குகிற அன்று ஊரிலிருந்து இரண்டு பேர் கூட நின்று, ஒவ்வொரு பையிலிருந்தும் ஒரு கை அள்ளி வெள்ளைத் தட்டில் விட்டுப் பார்க்க வேண்டும். முதுகுத் துடுப்பின் பெரும்பகுதி முள் முள்ளாக, உடம்பில் குறுக்குப் பட்டையோடு ஒரு ஜிலேபிக் குஞ்சு தெரிந்தாலும் அந்த வண்டியைக் குஞ்சு இறக்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.